சுவருக்கு நிதி உண்டு, சம்பளத்துக்கு இல்லை
அமெரிக்கப் பள்ளிச் சுகாதார மையங்களும் பொதுநிதியின் போக்கும்

2010 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தை ‘ஒபாமா கேர்’ என்ற பெயரில் நாம் அறிவோம். அந்தச் சட்டத்தின் 4101ஆம் பிரிவு பள்ளிகளுக்குள் இயங்கும் சுகாதார மையங்களைப் பற்றியது. 2010 முதல் 2013 வரை ஆண்டுக்கு 5 கோடி டாலர் வீதம் மொத்தம் 20 கோடி டாலரை அது இம்மையங்களுக்கு ஒதுக்கியது. அந்தப் பணத்தில் மையம் கட்டலாம், பழைய வகுப்பறையைச் சிகிச்சை அறையாக மாற்றலாம், பரிசோதனை மேசையும் கருவிகளும் வாங்கலாம். ஊழியர் எவருக்கும் சம்பளம் கொடுக்கக் கூடாது, சிகிச்சைச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்று அதே பிரிவு தடையும் விதித்தது. சம்பளத்துக்கும் அன்றாடச் செலவுக்கும் மானியம் தர இன்னோர் உட்பிரிவு இருந்தது. அது அனுமதி தந்ததோடு நின்றுகொண்டது. பணத்தை நாடாளுமன்றம் தனியாக ஒதுக்க வேண்டும். அடுத்த பத்தாண்டுகளில் அந்த உட்பிரிவின்கீழ் ஒரு டாலர்கூட ஒதுக்கப்படவில்லை.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த இந்தச் செயலை ஒரு சட்டத்தின் ஓட்டை என்று ஒதுக்கிவிட முடியாது. பள்ளிச் சுகாதார மையங்களின் ஐம்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு முழுவதும் பொதுநிதி இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. கதவைத் திறக்கப் பணம் கிடைக்கிறது. திறந்த கதவுக்குப் பின்னால் மூன்றாம் ஆண்டும் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பதற்குக் கிடைப்பதில்லை. மையங்கள் பயன் தருகின்றனவா என்ற கேள்விக்குப் போதுமான விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. நிதி எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதுதான் இன்னும் தீராத கேள்வி.

அறைக்குள் நடப்பது

பள்ளி நர்ஸ் வேறு, பள்ளிச் சுகாதார மையம் வேறு. பள்ளி நர்ஸ் காயத்துக்குக் கட்டுப் போடுவார், மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை நேரத்துக்குக் கொடுப்பார், தடுப்பூசிப் பதிவேட்டைப் பராமரிப்பார், தேவைப்பட்டால் பெற்றோரைத் தொலைபேசியில் அழைப்பார். அவர்கூட எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. 2018இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி அமெரிக்கப் பள்ளிகளில் 39 விழுக்காட்டில்தான் முழுநேர நர்ஸ் இருந்தார். 35 விழுக்காட்டில் பகுதிநேரம். 25 விழுக்காட்டில் ஒருவருமே இல்லை.

சுகாதார மையத்தைப் பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவ அமைப்பு நடத்துகிறது. அது சமூக மருத்துவ மையமாகவோ மருத்துவமனையாகவோ உள்ளூர்ச் சுகாதாரத் துறையாகவோ இருக்கும். அறை பள்ளியினுடையது. நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உரிமை பெற்ற நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர், ஓர் உதவியாளர், பல இடங்களில் ஒரு மனநல ஆலோசகர், சில இடங்களில் பல் மருத்துவரும் இருப்பார்கள். பெற்றோர் முன்கூட்டியே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுத் தருகிறார்கள்.

ஆஸ்துமா உள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். காலை இரண்டாவது பாட வேளையில் அவளுக்கு இரைப்பு தொடங்குகிறது. மையம் இல்லாத பள்ளி என்றால் அம்மாவுக்குத் தொலைபேசி போகும். மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்யும் அம்மா வேலையை விட்டுவிட்டு வருவார். அவசர சிகிச்சைப் பிரிவில் பாதி நாள் போகும். மகளின் பாடம் போகும், அம்மாவின் கூலி போகும், பெரிய தொகைக்கு ஒரு பில் வரும். மையம் உள்ள பள்ளியில் நர்ஸ் பிராக்டிஷனர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்கிறார், விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கிறார், மருந்து கொடுக்கிறார். பிறகு இன்ஹேலரை எப்படிப் பயன்படுத்துகிறாய், காட்டு என்கிறார். அவள் அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதைத் திருத்திக்கொடுக்கிறார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளாகப் பிரித்த ஆஸ்துமா செயல்திட்டத் தாளை நிரப்பி, உடற்பயிற்சி ஆசிரியருக்கு ஒரு பிரதி தருகிறார். அம்மாவிடம் தொலைபேசியில் விவரம் சொல்கிறார். மாணவி அடுத்த பாட வேளைக்கு வகுப்புக்குத் திரும்புகிறாள்.

இதில் எதற்குப் பணம் வரும்? அவள் வந்த வருகைக்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டிடம் கேட்கலாம். உடற்பயிற்சி ஆசிரியரிடம் பேசியதற்கும் அம்மாவுக்குத் தொலைபேசி செய்ததற்கும் பொதுவாக எதுவும் கிடைக்காது. அவளுக்குக் காப்பீடே இல்லையென்றால் எல்லாச் செலவும் மையத்தின் தலையில் விழும். வேறொரு மாணவி ரகசியமாகப் பேச வேண்டிய விஷயத்துக்காக வந்தால் சிக்கல் இன்னும் கூடும். தனியார் காப்பீட்டில் எதற்குப் பணம் செலுத்தப்பட்டது என்ற அறிக்கை வீட்டுக்குப் போய்ச்சேரும் என்பதால், பணமே கேட்காமல் விட்டுவிடும் மையங்கள் உண்டு. மையத்தின் உண்மையான வேலையில் பாதி, பில் போட முடியாத வேலை. அதன் நிதிச் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

சம்பளத்தில் தொடங்கிய வரலாறு

அமெரிக்கப் பள்ளி மருத்துவம் சம்பளத்தைச் சரியாகக் கவனித்த ஒரு காலமும் உண்டு. 1894இல் பாஸ்டனில் பள்ளிக் குழந்தைகளை மருத்துவர்கள் பரிசோதிக்கும் முறை தொடங்கியது. நியூயார்க் அதைப் பின்பற்றியது. கண்ணில் டிராக்கோமா, தோலில் படர்தாமரை, தலையில் பேன் என்று கண்டால் மருத்துவர் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். சிகிச்சை தர யாரும் இல்லை. புலம்பெயர்ந்த ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்புகளிலிருந்து வந்த பிள்ளைகள் வாரக்கணக்கில் தெருவில் திரிந்தார்கள்.

நியூயார்க்கில் ஹென்றி ஸ்ட்ரீட் சேவை இல்லத்தை நடத்திவந்த லிலியன் வால்ட், 1902 அக்டோபரில் லீனா ராஜர்ஸ் என்ற நர்ஸை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தார். ராஜர்ஸ் குழந்தைகளுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார், வீடுகளுக்குப் போய் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அதற்காகத் தனிக் கட்டடம் எழுப்பப்படவில்லை. பலனைக் கண்ட நகர நிர்வாகம் மேலும் பல நர்ஸ்களைத் தன் செலவில் நியமித்தது. 1902 செப்டம்பரில் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட குழந்தைகள் 10,567 பேர். ஓராண்டு கழித்து 1903 செப்டம்பரில் 1,101 பேர். இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது நகரத்தின் நிரந்தரச் செலவுக் கணக்கில் ஏறிய சம்பளம்.

முழுச் சிகிச்சை தரும் மையங்கள் 1960களின் பிற்பகுதியில் வந்தன. ஏழைகளுக்கான பொதுக் காப்பீடான மெடிக்கெய்டு 1965இல் பிறந்தது. ஏழைக் குழந்தைகளை முறையாகப் பரிசோதித்துச் சிகிச்சை தருவது 1967இல் அதன் கடமையாக்கப்பட்டது. நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியதும் 1965இல்தான். இந்தச் சூழலில் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் குழந்தை மருத்துவர் பிலிப் போர்ட்டர் தொடக்கப் பள்ளிகளுக்குள் மருத்துவ நிலையங்களை அமைத்தார். 1970இல் டல்லஸ், 1973இல் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரம் என்று இது பரவியது.

செயின்ட் பாலின் மெக்கானிக் ஆர்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் கிடைத்த பாடம் முக்கியமானது. தொடக்கத்தில் அங்கே கர்ப்பகாலப் பராமரிப்பு, குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை, பாலுறவு நோய்ப் பரிசோதனை ஆகியவையே தரப்பட்டன. மாணவர்கள் வரவில்லை. அந்த வாசலில் கால் வைத்தாலே எதற்காக வந்தார் என்று பள்ளி முழுக்கத் தெரிந்துவிடும். விளையாட்டுத் தகுதிப் பரிசோதனை, தடுப்பூசி, உடல் எடை ஆலோசனை என்று எல்லாவற்றையும் சேர்த்த பிறகே கூட்டம் வந்தது. எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தால்தான் மையம் பயன்படும். ஒரு குறிப்பிட்ட நோய்க்கென்றோ குறிப்பிட்ட பிரச்சினைக்கென்றோ ஒதுக்கப்படும் மானியங்கள் இன்றுவரை இதற்கு நேர்மாறான திசையில்தான் மையங்களை இழுக்கின்றன.

1986 வாக்கில் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை பெரும் நகரங்களில் உயர்நிலைப் பள்ளி மையங்களுக்குப் பல ஆண்டு மானியம் தர முன்வந்தது. அறக்கட்டளைப் பணம் என்றாவது நிற்கும் என்பது தெரிந்ததே. அதனால் 1990களில் ‘மேக்கிங் த கிரேட்’ என்ற அடுத்த திட்டத்தின்மூலம், மாநில அரசுகளே நிலையான நிதி ஏற்பாடு செய்யும் வழியை அது தேடியது. ஒன்றிய அரசும் 1994இல் இம்மையங்களுக்கென ஒரு சிறு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. 1998–99இல் 1,135 ஆக இருந்த மையங்கள் 2016–17இல் 2,584 ஆயின. அவை பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 63 லட்சம் மாணவர்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. இது நாட்டின் அரசுப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 13 விழுக்காடு.

லாபம் ஒரு பையில், செலவு இன்னொரு பையில்

பயன் பற்றிய சான்றுகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். செயின்ட் பால் மையங்களால் பதின்வயதுப் பிரசவங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன என்ற செய்தி 1980களில் நாடெங்கும் பரவியது. டக்ளஸ் கிர்பியும் உடன் ஆய்வாளர்களும் பிறப்புப் பதிவேடுகளையே எடுத்து ஒப்பிட்டு, அப்படிக் குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்று 1993இல் எழுதினார்கள். 2016இல் லவன்ஹைம், ரீபேக், வெடனோஜா ஆகிய பொருளியலாளர்கள் நாடு தழுவிய தரவைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தார்கள். பதின்வயதுப் பிரசவ விகிதம் சுமார் 5 விழுக்காடு குறைகிறது என்றும், படிப்பைப் பாதியில் விடுவதில் பெரிய மாற்றம் இல்லை என்றும் கண்டார்கள். முன்பு சொல்லப்பட்டதைவிடச் சிறிய எண் இது, ஆனால் நம்பத்தக்கது.

மனநலத்தில் சான்று வலுவானது. டென்வரில் ஒரே காப்பீட்டு அமைப்பைச் சேர்ந்த பதின்வயதினரை ஒப்பிட்டு 1998இல் வெளியான ஆய்வில், பள்ளி மையம் கிடைத்தவர்கள் மனநல, போதைப்பழக்கச் சிகிச்சைக்கு வந்த வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. அவசர வேளைச் சிகிச்சைக்குப் போனது 38 முதல் 55 விழுக்காடுவரை குறைவு. கையில் காப்பீட்டு அட்டை இருந்தும், ஊரின் மறுகோடியில் இருக்கும் மருத்துவமனைக்குப் போகாத பிள்ளை பள்ளி வராந்தாவின் கோடியில் இருக்கும் அறைக்குப் போகிறான். இதையெல்லாம் தொகுத்துப் பார்த்த சமூகத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் இம்மையங்களை நடத்தலாம் என்று 2015இல் பரிந்துரைத்தது.

அந்தக் குழுவுக்காக நடந்த பொருளாதார மதிப்பாய்வில் ஒரு மையத்தின் ஆண்டுச் செலவு 16,322 டாலர் முதல் 6,59,684 டாலர்வரை இருந்தது. வாரத்தில் சில மணிநேரம் திறக்கும் அறையும் முழுக் குழுவோடு இயங்கும் நிலையமும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால் இவ்வளவு இடைவெளி. செலவோடு ஒப்பிட்டால் சமூகத்துக்குக் கிடைத்த பயன் 1.38 முதல் 3.05 மடங்கு. சின்சினாட்டி பகுதியின் நான்கு பள்ளி மாவட்டங்களை ஆராய்ந்து 2010இல் வெளியான கட்டுரை, மூன்றாண்டுகளில் நிகரச் சமூகப் பயன் 13.5 லட்சம் டாலர் என்றும், மெடிக்கெய்டுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 35 டாலர் மிச்சமாகும் என்றும் கணக்கிட்டது.

இத்தனை லாபம் தரும் ஒன்றுக்கு ஏன் நிதி நிலைப்பதில்லை? லாபம் அடைபவர் ஒருவர், செலவழிப்பவர் இன்னொருவர். அவசர சிகிச்சை குறைந்தால் மிச்சமாவது மெடிக்கெய்டுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும். அம்மாவின் ஒருநாள் கூலி குடும்பத்துக்கு மிஞ்சுகிறது. கலிஃபோர்னியாவைப் போல மாணவர் வருகைக் கணக்கை வைத்துப் பள்ளிக்கு நிதி தரும் மாநிலங்களில், வருகை கூடினால் பள்ளி மாவட்டத்துக்கு வரவு. நர்ஸ் பிராக்டிஷனருக்குச் சம்பளம் தரும் மருத்துவ அமைப்பின் கணக்கிலோ இவற்றில் எதுவும் ஏறுவதில்லை. அதன் பேரேட்டில் இந்த மையம் ஆண்டுதோறும் நஷ்டம் காட்டும் ஒரு வரி. எல்லாருக்கும் சேர்த்து லாபம் தரும் ஒன்றை ஒருவர் மட்டும் நஷ்டத்தில் நடத்த வேண்டியிருந்தால், அந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் பொதுநிதி வேண்டும்.

இப்போது அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது மெடிக்கெய்டு. அமெரிக்கக் குழந்தைகள் பத்துப் பேரில் ஏறத்தாழ நால்வர் அதிலும் அதனோடு இணைந்த குழந்தைகள் காப்பீட்டிலும் இருக்கிறார்கள். ஒன்றிய அரசின் உதவி பெறும் சமூக மருத்துவ மையங்களுக்கு மெடிக்கெய்டு ஒவ்வொரு வருகைக்கும் செலவை ஒட்டிய ஒரு நிர்ணயத் தொகையைத் தருகிறது. 2016–17இல் பள்ளி மையங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இவ்வகை அமைப்புகள் நடத்தியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இந்த ஏற்பாட்டில் வருகையின் எண்ணிக்கைதான் வருமானம். முந்நூறு மாணவர் படிக்கும் கிராமப்புறப் பள்ளியில் எவ்வளவு நல்ல நர்ஸ் இருந்தாலும் வருகை போதாது. வருகை போதாததால் மையம் மூடப்படும் பள்ளி, பெரும்பாலும் பக்கத்தில் வேறு மருத்துவரே இல்லாத பள்ளி.

ஒருமுறைப் பணத்தின் கதை

4101ஆம் பிரிவுக்குத் திரும்புவோம். 2011 ஜூலையில் 278 திட்டங்களுக்கு 9.5 கோடி டாலர் வழங்கப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, இந்த நிதியை ரத்து செய்யும் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியிருந்தது. கட்டடத்துக்குப் பணம் தருகிறீர்கள், ஆனால் அதில் வேலை செய்ய ஆளுக்குப் பணம் இல்லையே என்பது மசோதாவை ஆதரித்தவர்கள் எழுப்பிய வாதங்களில் ஒன்று. குறையைச் சரியாகப் பிடித்தார்கள். சம்பளத்தையும் சேர்க்க வேண்டும் என்பதே அதிலிருந்து வரும் முடிவு. அவர்களோ இருந்ததையும் எடுத்துவிட முனைந்தார்கள். மசோதா சட்டமாகவில்லை, குறையும் தீரவில்லை.

பத்தாண்டு கழித்துக் கொரோனா காலத்தில் பள்ளிகளுக்கு ஒன்றிய அரசு ஏறத்தாழ 19,000 கோடி டாலர் அவசர நிதி தந்தது. பல பள்ளி மாவட்டங்கள் அதில் நர்ஸ்களையும் ஆலோசகர்களையும் நியமித்தன. 2024 செப்டம்பரோடு அந்த நிதியின் காலக்கெடு முடிந்தது. 2022இல் டெக்சஸின் யுவால்டே பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, பள்ளி மனநலச் சேவைக்காக 100 கோடி டாலரை ஒரு புதிய சட்டம் ஒதுக்கியது. பல ஆண்டுகளுக்கு உறுதியளிக்கப்பட்ட அந்த மானியங்களைத் தொடரப்போவதில்லை என்று 2025 ஏப்ரலில் கல்வித் துறை அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் கையெழுத்தான வரி, செலவினச் சட்டம் பத்தாண்டுகளில் மெடிக்கெய்டுக்கான ஒன்றியச் செலவை 90,000 கோடி டாலருக்கும் மேல் குறைக்கும் என்பது நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு. மையங்களைத் தாங்கிநின்ற ஒரே நிலையான தூணும் இதனால் ஆட்டம் கண்டிருக்கிறது.

இதன் விளைவைப் பிள்ளைகள் நேரடியாக அனுபவிக்கிறார்கள். தற்கொலை எண்ணத்தோடு போராடும் ஒரு மாணவன் ஆலோசகரிடம் மனம் திறந்து பேசவே மாதங்கள் பிடிக்கும். மானியம் முடிந்து அந்த ஆலோசகர் போய்விட்டால், அடுத்த மானியத்தில் வரும் புதியவரிடம் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்காமலே போகவும் கூடும்.

மறுப்புகள்

மிகக் கூர்மையான எதிர்ப்பு பெற்றோர் உரிமையை ஒட்டி எழுகிறது. 1985இல் சிகாகோவின் டுசேபிள் உயர்நிலைப் பள்ளி மையம் கருத்தடைச் சாதனங்கள் வழங்கியபோது அது நாடு தழுவிய சர்ச்சையானது. லூசியானா 1991இல் பள்ளி மையங்களுக்கெனச் சட்டம் கொண்டுவந்தபோது, அவை கருத்தடைச் சாதனம் வழங்குவதைத் தடை செய்தே நிதி தந்தது. பதின்வயதினருக்கு அந்தச் சேவை தேவை என்பது என் கருத்து. பிரசவ விகிதம் பற்றிய சான்றும் அதையே சொல்கிறது. ஆனாலும் லூசியானாவின் அனுபவத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பழைமைப் பற்றுள்ள ஒரு மாநிலமும் தன் வரையறைக்குள் நின்றுகொண்டு இம்மையங்களுக்குச் சட்ட அடித்தளம் அமைக்க முடிந்திருக்கிறது. கருத்தடை பற்றிய பிணக்கைக் காரணம் காட்டி ஆஸ்துமாவுக்கும் பல்வலிக்குமான நிதியை நிறுத்துவதில் நியாயம் இல்லை.

குடும்ப மருத்துவர் இருக்கும்போது பள்ளியில் இன்னொருவர் எதற்கு, சிகிச்சை துண்டுதுண்டாகிவிடாதா என்பது இன்னொரு கேள்வி. வழக்கமான மருத்துவர் உள்ள குழந்தைக்கு இந்தக் கவலை பொருந்தும். மையம் அந்த மருத்துவருக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும். ஆனால் இம்மையங்கள் மிகுதியாக இருப்பது அப்படி ஒரு மருத்துவர் எளிதில் கிடைக்காத ஏழைப் பகுதிகளில்.

என்ன செய்ய வேண்டும்

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. ஆரிகன் மாநிலம் 1986இலிருந்து இம்மையங்களுக்கு நிதி தருகிறது. தரநிலைகளை வகுத்து, அவற்றை நிறைவேற்றும் மையங்களுக்குச் சான்றிதழ் அளித்து, உள்ளூர்ச் சுகாதாரத் துறைகளின் வழியே அடிப்படை நிதி வழங்குகிறது. இந்த அடித்தளத்தின்மேல் காப்பீட்டு வருமானம் வந்து சேரும்போது மையம் நிலைக்கிறது.

அதையே நாடு முழுவதற்கும் விரிக்கலாம். ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், ஓர் ஆலோசகர், ஓர் உதவியாளர் ஆகியோரின் சம்பளத்தை வருகை எண்ணிக்கையோடு கட்டாமல் ஒன்றிய அரசும் மாநிலமும் பகிர்ந்து ஏற்க வேண்டும். மருந்தும் சிகிச்சையும் மெடிக்கெய்டு, தனியார் காப்பீட்டுக் கணக்கில் போகட்டும். அறை, மின்சாரம், துப்புரவு ஆகியவை பள்ளி மாவட்டத்தின் பங்கு. மிச்சத்தால் பயனடையும் மெடிக்கெய்டு காப்பீட்டு நிறுவனங்கள், ஆசிரியரிடம் பேசும் பேச்சுக்கும் வீட்டுக்குப் போகும் தொலைபேசிக்கும் சேர்த்து ஒரு மாணவருக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகை தர வேண்டும். சிறிய கிராமப்புறப் பள்ளிகளை ஒரே நர்ஸின்கீழ் குழுவாக இணைத்து, இடைப்பட்ட நாட்களில் தொலைமருத்துவத்தைப் பயன்படுத்தலாம். இவற்றில் முதலாவதற்குப் புதிதாக ஒரு தத்துவம் தேவையில்லை. 4101ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்கு உண்மையில் பணம் ஒதுக்கி, அதை ஆண்டுதோறும் தொடர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுவதற்கு எந்தக் கட்சியிலும் ஆள் கிடைப்பார்கள். பத்தாம் ஆண்டுச் சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுவதற்குத்தான் ஆள் இல்லை. பிள்ளைகளின் உடல்நலத்தில் அக்கறை உண்டு என்று சொல்லும் எந்த அரசையும் அதன் கட்டட மானியத்தை வைத்து எடைபோடக் கூடாது. மையத்தில் வேலை செய்பவரின் சம்பளம் எந்தக் கணக்குத் தலைப்பில், எத்தனை ஆண்டுகளுக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தலைப்பே இல்லாத வரவுசெலவுத் திட்டம் பிள்ளைகளுக்கு ஓர் அறையைக் கொடுத்திருக்கிறது, மருத்துவத்தைக் கொடுக்கவில்லை.